மலையிலிருந்து கடலுக்கு நான்கு நாள் நடை: குமரி மாவட்டத்தில் எந்த வழி?

ஆறு முதல் எட்டுப் பேர். கையில் நான்கு நாள். மலையடிவாரத்தில் கிளம்பி, கடலில் கால் நனைத்து முடிக்க வேண்டும். இப்படித் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: “பேச்சிப்பாறையிலிருந்து இறங்குவதா, காளிகேசத்திலிருந்தா?”

கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். குமரியில் மலைப்பக்கம் எங்கே தொடங்கினாலும் முதல் நாள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்: ரப்பர் தோட்டம், ஓடை, ஈரக்காற்று, வளைவில் ஒரு சாயாக்கடை. வழிக்கு வழி பெரிதும் வேறுபடுவது கடைசி நாள். ஒரு வழி அகலமான மணலில் முடியும். இன்னொன்று துறைமுகச் சுவரில் போய் முட்டும். ஆகவே கடலை எந்த ஊரில் தொடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மலையில் தொடங்கும் இடம் அதன்பின் தானாக அமையும்.

தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பேச்சிப்பாறை அணையிலிருந்து தேங்காப்பட்டணம் கடல்வரை நேர்கோட்டில் 30 கிலோமீட்டர்கூட இல்லை. சுற்றி நடந்தால் 50-ஐ ஒட்டி வரும். சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம்வரை 12 சிவாலயங்களையும் ஒரு பகல், ஓர் இரவில் ஓடி முடிக்கிற ஊர் இது. அந்தத் தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல். அவர்களிடம் போய் 50 கிலோமீட்டருக்கு நாலு நாள் என்றால் சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் கையில் பனையோலை விசிறி மட்டும்தான் இருக்கும், உங்கள் முதுகில் எட்டுக் கிலோ இருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

காட்டு அனுமதி. மாவட்டத்தின் மலைப்பகுதியில் பெரும்பங்கு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். பரப்பு 402 சதுர கிலோமீட்டர். உள்ளே கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் இறங்குகிற நடை தனியாருக்குக் கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ நடந்தபின் மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ முன்பதிவில் கிடைப்பவை வழிகாட்டியோடு போய்ப் பகலிலேயே திரும்பும் தடங்கள். எனவே உங்கள் நடை காட்டின் விளிம்பில் தொடங்குகிறது என்றே கணக்கிடுங்கள். காட்டுக்குள் ஒரு நாள் வேண்டும் என்றால் அதை முதல் நாளுக்கு முந்தைய நாளாகத் தனியே வையுங்கள்.

“மேல்கோதையாற்றிலிருந்து விஞ்ச் பாதையோடு கீழ்கோதையாற்றுக்கு இறங்கலாமா?” என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. முடியாது. விஞ்ச் என்பது கம்பிவடத்தால் இழுக்கும் தண்டவாள வண்டி; அது மின்வாரியப் பணியாளர்களுக்கானது. மேல்கோதையாறு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது; சாலையும் மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாகத் திருநெல்வேலிப் பக்கமிருந்துதான். ஊருக்குள் புகுந்ததால் பிடித்த அரிக்கொம்பன் யானையை 2023 ஜூனில் கொண்டுவந்து விட்டதும் அந்தப் பக்கம்தான்.

நிழலும் தரையும். தார்ச்சாலை, கால்வாய்க் கரை, மணல் என்று தரை மூன்று வகை. தார்ச்சாலையில் கால் சுடும். ஓரமே இல்லாத ஒடுக்கமான சாலையில் பேருந்துக்கு ஒதுங்க மதில்சுவர்தான் மிச்சம். கால்வாய்க் கரை மெத்தென்று இருக்கும், சரிவு தெரியாது, தென்னை நிழலும் உண்டு. முடிந்தவரை கால்வாயோடு போகிற வழிக்கே எங்கள் ஓட்டு.

ரப்பர் நிழலை நம்பாதீர்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை ரப்பர் இலை உதிர்க்கும். நடப்பதற்கு நல்ல மாதம் என்று எல்லோரும் தேர்வு செய்யும் ஜனவரி இறுதியில்தான் தோட்டம் மொட்டையாக நிற்கும். ஊர்ப்பெயர்கள் இதைவிட நம்பகமானவை: வரைபடத்தில் பெயர் ‘விளை’ என்று முடிந்தால் தென்னையும் பலாவும் நிற்கும் மேட்டு நிலம், ‘ஏலா’ என்றால் வயல், வெட்டவெளி.

தங்கல். ஒவ்வொரு நாள் நடையும் முடியும் ஊரில் எட்டுப் பேருக்கு நான்கு அறை கிடைக்குமா? இல்லையென்றால் மாலையில் பேருந்தேறிப் பெரிய ஊருக்குப் போய், காலையில் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். போக வர ஒன்றரை மணி நேரம் போகும். அதுவும் காலையின் குளிர்ச்சியில் பாதியைத் தின்றுவிடும்.

விலகும் வழி. ஒருவருக்குக் கால் கொப்புளித்தால் அரை மணி நேரத்துக்குள் பேருந்தோ ஆட்டோவோ கிடைக்க வேண்டும். குமரியில் இது பெரிய சிக்கல் இல்லை. கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கத்து முதல் சில கிலோமீட்டர் மட்டும் விதிவிலக்கு.

கடல்முனை. கடைசி மூன்று நான்கு கிலோமீட்டரை மணலில் நடக்க முடியுமா, ஆறு குறுக்கிடுமா, கல் கொட்டியிருக்கிறார்களா?

## ஒரே பார்வையில்

தூரங்கள் தோராயமானவை; கரை உடைந்து சுற்ற நேர்ந்தால் நாளொன்றுக்கு இரண்டு கிலோமீட்டர் கூடும்.

| | கோதையாற்று வழி | பத்மநாபபுரம் வழி | பழையாற்று வழி | ஆரல்வாய்மொழி வழி |
|---|---|---|---|---|
| தொடக்கம் | பேச்சிப்பாறை | பெருஞ்சாணி | கீரிப்பாறை | ஆரல்வாய்மொழி |
| கடல் | தேங்காப்பட்டணம் | குளச்சல் – முட்டம் | மணக்குடி – கன்னியாகுமரி | வட்டக்கோட்டை – கன்னியாகுமரி |
| தூரம் | 52–55 கி.மீ. | 51 கி.மீ. | 52 கி.மீ. | 35 கி.மீ. |
| நாள் | 4 | 4 | 4 | 2 அல்லது 3 |
| நிழல் | நன்று | மிக நன்று | முதல் நாள் மட்டும் | இல்லை |
| தங்கல் | இடையில் சிக்கல் | எளிது | மிக எளிது | எளிது |
| மணல் நடை | குறைவு | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| முக்கியத் தொல்லை | கடைசி நாள் சாலை | சுடும் கருமணல் | நகரமும் சாக்கடையும் | காற்றும் லாரியும் |

## கோதையாற்று வழி: பேச்சிப்பாறை முதல் தேங்காப்பட்டணம்வரை

ஓர் ஆற்றை அணையிலிருந்து கடல்வரை பின்தொடர்கிற நிறைவு இந்த வழிக்குத்தான் உண்டு. மேலே கோதையாறு, பரளியாறு சேர்ந்தபின் குழித்துறையாறு என்று அதே தண்ணீர் பெயர் மாறி வரும்.

முதல் நாள் 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து திருநந்திக்கரைக் குடைவரையைத் தொட்டுத் திற்பரப்பு: 13 முதல் 15 கிலோமீட்டர். இரண்டாம் நாள் திற்பரப்பிலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் ஏறி இறங்கித் திருவட்டார்: 13. மூன்றாம் நாள் ஆற்றூர் வழியாகச் சிதறால் மலைக்கோயில், அங்கிருந்து குழித்துறை: 13. நான்காம் நாள் முஞ்சிறை, பைங்குளம் வழியாகத் தேங்காப்பட்டணம்: 13 முதல் 14.

இந்த வழியின் உச்சம் இரண்டாம் நாள். பரளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில் பட்டணங்கால் என்ற கால்வாயின் தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டிப்பாலத்தில் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். உயரம் கண்டு தலைசுற்றுகிறவர் குழுவில் இருந்தால் முன்பே கேட்டுவிடுங்கள்; பாலத்தின் நடுவில் வைத்துக் கேட்டுப் பயனில்லை. அவர் படிக்கட்டில் இறங்கி, ஆற்றைத் தாண்டி மறுகரையில் வந்து சேரலாம். காலை எட்டு மணிக்குள் பாலத்தை அடைந்தால் கூட்டம் இராது. கோதையாற்றுப் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைப்பார்கள். மார்ச்சில் போனால் வெறும் தொட்டிதான் பார்க்கக் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது தங்கல். திற்பரப்பில் விடுதிகள் உண்டு, ஆனால் சனி, ஞாயிறில் அருவிக்கு வரும் கூட்டத்தோடு போட்டி போட வேண்டும். திருவட்டாரில் குழுவுக்குப் போதிய அறை கிடைப்பது அரிது. மார்த்தாண்டம் போய்த் தங்கி, காலையில் முதல் பேருந்தில் திரும்புவதே நடைமுறை. அப்படியானால் இரண்டாம், மூன்றாம் இரவு இரண்டையுமே மார்த்தாண்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பையை அவிழ்த்துக் கட்டும் வேலை ஒரு நாள் மிச்சமாகும்.

இரண்டாவது கடைசி நாள். குழித்துறைக்குக் கீழே ஆற்றங்கரையோடு தொடர்ந்து நடக்க முடியாது. தனியார் தோப்பு, மதில், மீண்டும் சாலை என்று துண்டு துண்டாகத்தான் கரை கிடைக்கும். புதுக்கடைப் பக்கம் சாலை ஒடுக்கம், வண்டி அதிகம். இத்தனைக்கும் பிறகு வந்து சேரும் இடத்தில் ஆற்றின் முகத்துவாரமும் மீன்பிடித் துறைமுகமும். நீண்ட மணல் நடையை எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். முகத்துவாரத்தில் குளிக்க இறங்கவே கூடாது; வள்ளங்களே கவிழ்கிற இடம் அது.

கோயில், குடைவரை, பாலம் பார்க்கிற ஆர்வம் உள்ள குழுவுக்கு இதைவிட நல்ல வழி மாவட்டத்தில் இல்லை. சிதறாலில் சமணப் புடைப்புச் சிற்பங்கள், திருவட்டாரில் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாள். திருவட்டார்க் கோயில் நண்பகலில் அடைத்து மாலையில்தான் திறக்கும். ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும். பையில் ஒரு வேட்டி இருக்கட்டும். கடல்தான் முக்கியம் என்பவர்கள் அடுத்த வழியைப் பாருங்கள்.

## பத்மநாபபுரம் வழி: பெருஞ்சாணி முதல் முட்டம்வரை

பெயர் குறைவாக அடிபடும் வழி. நான்கில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நாங்கள் சொல்வது இதைத்தான். காரணம் இரண்டு: நடுப்பகுதியில் பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாயின் கரை, கடைசியில் ஒரு முழுநாள் கடற்கரை.

முதல் நாள் பெருஞ்சாணி அணையிலிருந்து பொன்மனை வழியாகக் குலசேகரம், 9 கிலோமீட்டர்தான். வெளியூரிலிருந்து காலை ரயிலில் நாகர்கோவிலோ இரணியலோ வந்து இறங்கி, பேருந்து பிடித்து, பகல் பதினொன்றுக்கு அணைக்கு வந்து சேருகிற குழுவுக்குச் சரியான அளவு. இரண்டாம் நாள்தான் நீளம்: குலசேகரத்திலிருந்து பத்மநாபபுரம், தக்கலை, 17 கிலோமீட்டர். மூன்றாம் நாள் உதயகிரிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, திருவிதாங்கோடு, இரணியல் வழியாகக் குளச்சல்: 13. நான்காம் நாள் மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, கடியப்பட்டணம், முட்டம்: 12.

இரண்டாம் நாளை வெளிச்சம் வந்ததும் தொடங்க வேண்டும். ஜனவரியில் சூரியன் 6.35 வாக்கில்தான் எழும். 6.15-க்குக் கிளம்பினால் ஓய்வோடு சேர்த்து மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்ற கணக்கில் பத்தரைக்குள் 13 கிலோமீட்டர் முடியும். சாப்பிட்டு, படுத்து, மூன்று மணிக்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நுழையலாம். மூன்றாம் நாள் காலைக்கு அரண்மனையைத் தள்ளினால், அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். பார்த்து வெளியே வரும்போது வெயில் உச்சியில் நிற்கும், குளச்சல்வரை வெந்துகொண்டே நடக்க வேண்டியதுதான்.

கால்வாய்க் கரையில் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கரை முழுவதும் தொடர்ச்சியாக இராது. வடகிழக்குப் பருவமழையில் உடைப்பு விழுந்தால் மணல்மூட்டை அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் ஏறாமல் சாலைக்கு இறங்கிச் சுற்றுங்கள். கைதைப் (தாழை) புதர் முழங்கைவரை கீறும், முழுக்கைச் சட்டை நல்லது. காலைப் பனியில் புல் நனைந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் காலுறை ஊறி, மறுநாள் குதிகாலில் கொப்புளம் வரும். இரண்டு ஜோடி காலுறை வைத்துக்கொண்டு, ஒன்பது மணி வாக்கில் மாற்றி, ஈரமானதைப் பையின் வெளியே தொங்கவிடுங்கள். படித்துறைகளில் ஊர்ப் பெண்கள் குளித்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருப்பார்கள். பத்து இருபது மீட்டருக்கு முன்பே குரல் கொடுத்து, கேமராவை உள்ளே வைத்து, கரையை விட்டு விலகிப் போவதே முறை. பாசி படிந்த படியில் கால் வைக்க வேண்டாம்.

நான்காம் நாள் மணல். கடல்மட்டம் ஏறி இறங்குவது இந்தக் கரையில் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆகவே நேரம் பார்த்து நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அலை நனைத்த இறுகிய பட்டையில் நடந்தால் கால் புதையாது. ஆனால் கரை சரிவானது. கடல்பக்கக் கால் தாழ்ந்தே நடக்கும். இரண்டு மணி நேரத்தில் இடுப்பின் ஒரு பக்கம் வலிக்கத் தொடங்கும். இரண்டு கிலோமீட்டர் மணல், பிறகு ஊர்ச்சாலை என்று மாற்றி மாற்றி நடந்தால் அந்த வலி வராது.

மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணல். பத்து மணிக்குமேல் வெறுங்காலில் நிற்க முடியாது. வார்வைத்த செருப்பு வேண்டும். காலணிக்குள் இந்த மணல் புகுந்தால் பொடியாகத் தேய்த்தே தோலை உரித்துவிடும். இந்த மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் பயப்படுகிறவர்கள் உண்டு. சில மணி நேர நடைக்கு அது ஒரு பொருட்டில்லை, வெயில்தான் பொருட்டு.

கடியப்பட்டணத்தில் வள்ளியாறு கடலில் சேர்கிறது. கோடையில் மணல்திட்டு பொழியை (ஆற்றின் வாயை) அடைத்துவிட்டால் மேலேயே நடந்து தாண்டலாம். மழைக்குப் பின் பொழி திறந்திருந்தால் இடுப்பளவுதானே என்று இறங்காதீர்கள், அடியில் மணல் அரித்துக்கொண்டே இருக்கும். சாலைப் பாலத்துக்குத் திரும்பினால் அரை மணி நேரம்தான் கூடும்.

ஊர்களுக்குள் வலை காயும் இடங்களில் வலையைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். கரைமடி (கரையில் நின்று இழுக்கும் பெருவலை) இழுப்பதைப் பார்க்க நேர்ந்தால் கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள்.

இந்த வழியிலும் செலவு மறைந்திருக்கிறது. குலசேகரத்தில் விடுதிகள் குறைவு, முன்பே பேசி வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 66-ஐத் தக்கலைப் பக்கம் கடக்கும்போது எட்டுப் பேரும் ஒன்றாக நின்று, ஒன்றாகவே கடக்க வேண்டும். மாசி மாதத்தில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடைவிழா நடக்கும் பத்து நாளும் குளச்சல்வரை அறை கிடைக்காது, சாலையும் நகராது.

## பழையாற்று வழி: கீரிப்பாறை முதல் கன்னியாகுமரிவரை

நாஞ்சில் நாட்டின் வயலும் குளமும் பார்க்க வேண்டுமானால் இதுதான். கீரிப்பாறையில் (காளிகேசம் இதன் அருகேதான்) கிளம்பித் தடிக்காரன்கோணம், அழகியபாண்டியபுரம் (13), பூதப்பாண்டி வழியாக நாகர்கோவில் (14), சுசீந்திரம் வழியாக மணக்குடி (15), கோவளம் வழியாகக் கன்னியாகுமரி (10).

இதன் பெரிய வசதி, முதல் மூன்று இரவையும் நாகர்கோவிலில் ஒரே அறையில் கழிக்கலாம். வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து எல்லா இடத்துக்கும் பேருந்து உண்டு. முதுகில் தண்ணீரும் ஒரு துண்டும் மட்டும் போதும். வயதானவர்களும் முதல்முறை நடக்கிறவர்களும் உள்ள குழுவுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. யாருக்காவது முடியவில்லையென்றால் அறையிலேயே ஒரு நாள் இருந்துவிட்டு மறுநாள் சேர்ந்துகொள்ளலாம்.

கீரிப்பாறையில் ரப்பர் கழகத் தோட்டங்களை ஒட்டிய சாலையில் விடியலுக்கு முன் நடக்க வேண்டாம். யானை நடமாட்டம் உண்டு. பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது, முந்தைய இரவு என்ன நடந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மழைக்காலமென்றால் அட்டை. உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் நாள் பூதப்பாண்டிவரை அழகு. ஒழுகினசேரிக்குப் பிறகு பழையாறு நகரத்தின் கழிவைச் சுமக்கத் தொடங்கும். கரையோடு நடப்பதில் சுகமில்லை. அந்த ஏழெட்டு கிலோமீட்டரைப் பேருந்தில் தாண்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மிச்சமாகும் நேரத்தைத் தேரூர் குளத்துக்குக் கொடுங்கள். 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் அது. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை பறவைகள் நிறைந்திருக்கும். கவிமணி பிறந்த ஊரும் அதுவே.

வயலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜனவரியில் கும்பப்பூ (இரண்டாம் போக) நெற்பயிர் பச்சையாக நிற்கும்; நிழல் சுத்தமாக இராது. பிப்ரவரி கடைசியில் அறுப்பு. குடை கொண்டுவருகிறவரைக் கிண்டல் செய்யாதீர்கள், தொப்பியைவிடக் குடைதான் இங்கே உதவும்.

மணக்குடியில் 2004 ஆழிப்பேரலையில் அடித்துச் செல்லப்பட்டு மீண்டும் கட்டிய பாலத்தில் பொழியைத் தாண்டலாம். அங்கிருந்து கன்னியாகுமரிவரை மணலும் கல்தடுப்பும் தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீளும் கற்சுவர்) மாறி மாறி வரும். கல்தடுப்பின்மேல் நடக்க முயன்றால் கணுக்கால் பிசகும், சாலைக்கு ஏறிவிடுங்கள்.

## ஆரல்வாய்மொழி வழி

இரண்டே நாள் இருக்கிறவர்களுக்கு. கணவாயிலிருந்து தோவாளை, அங்கிருந்து மருந்துவாழ்மலை ஏறி இறங்கி, பொற்றையடி, கொட்டாரம், வட்டக்கோட்டை, கன்னியாகுமரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றின் மேலிருந்து கடலைப் பார்த்துவிட்டு அந்தக் கடலுக்கே நடந்து போவது இந்த வழியில் மட்டும்தான். மற்றபடி நிழலும் இல்லை, நீரும் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர்வரை கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. கணவாய்ச் சாலையில் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகள் ஓயாது. முதல் பகுதியை விட்டுவிட்டு, நேராகப் பொற்றையடியில் தொடங்கினால் ஒன்றரை நாளில் முடியும். குன்றை விடியலில் ஏற வேண்டும், எட்டு மணிக்குமேல் பாறை சுடத் தொடங்கிவிடும். தோவாளைப் பூச்சந்தை வேண்டுமென்றால் அதற்கு விடியலுக்கும் முன்பே போக வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் முடிக்க நினைக்காதீர்கள்.

## பையைச் சுமப்பதா, ஆட்டோவில் அனுப்புவதா

சுமந்தால் செலவு இல்லை; ஆனால் எட்டுக் கிலோவுக்கு மேல் போனால் இந்த ஈரப்பதத்தில் நாளுக்கு 13 கிலோமீட்டர் என்பது பத்தாகச் சுருங்கும். ஆட்டோ பேசினால் அது பைகளை அடுத்த விடுதியில் சேர்ப்பதோடு, வழியில் இரண்டு இடத்தில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனோடு காத்திருக்கவும் செய்யும். ஆளுக்கு மூன்று லிட்டர் என்று எட்டுப் பேருக்கு 24 லிட்டர் வேண்டும். தலைக்கு ஒன்றரை லிட்டர் சுமந்தால் மீதிக்குக் கேன் தாராளம். நாள்வாடகையைக் காத்திருப்பையும் சேர்த்து முன்பே பேசிவிடுங்கள், கிலோமீட்டர் கணக்கில் பேசினால் மாலையில் தகராறு வரும். நான்கு பேருக்குக் குறைவென்றால் ஆட்டோ கட்டுப்படியாகாது. பழையாற்று வழியில் தேவையே இல்லை.

எட்டுக்கு மேல் குழு பெருக விடாதீர்கள். கால்வாய்க் கரையில் ஒற்றை வரிசை. பன்னிரண்டு பேர் என்றால் முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவர் கண்ணில் படமாட்டார். ஊர்க்கடையில் ஒரே நேரத்தில் எட்டுத் தட்டு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் கிடைக்கும், பன்னிரண்டு கிடைக்காது.

## எந்த மாதம்

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம்வரைதான் நம்பத்தக்க இடைவெளி. நவம்பர் கடைசியில் வானம் தெளிவாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30-இல். நவம்பர் நடுவிலிருந்து பொங்கல்வரை சபரிமலை பக்தர்கள் கூட்டம், கன்னியாகுமரியிலும் திற்பரப்பிலும் அறை வாடகை ஏறும். காட்டுக்குள் ஒரு நாள் சேர்க்க நினைப்பவர்கள் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 2025-இல் காட்டுத்தீக் காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றத் தடங்களை மூடினார்கள்.

மார்ச் கடைசியிலிருந்து பதனீர் கிடைக்கும், விளவங்கோட்டுப் பக்கம் அக்கானி என்று கேட்க வேண்டும். அதற்காக ஏப்ரல், மே மாதத்தில் வருகிறவர்கள் கள்ளக்கடலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத அமைதியான நாளில், தொலைவிலிருந்து வரும் பேரலை திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். எச்சரிக்கை இருக்கும் நாளில் மணலைத் தொடாமல் ஊர்ச்சாலையோடு போங்கள்.

## எந்தக் கிழமை

கோதையாற்று வழிக்குத் திங்கள் அல்லது செவ்வாய் கிளம்பினால் திற்பரப்பில் அருவியும் அறையும் சும்மா கிடக்கும். பழையாற்று வழிக்குக் கிழமை பார்க்க வேண்டாம்.

பத்மநாபபுரம் வழிக்குத்தான் கணக்கு வேண்டும். ஞாயிறு கிளம்பினால் இரண்டாம் நாள் திங்கள், அரண்மனை விடுமுறை. வியாழன் கிளம்பினால் நான்காம் நாள் ஞாயிறு. கடற்கரை ஊர்களில் எல்லோரும் தேவாலயப் பூசைக்குப் போயிருப்பார்கள், வள்ளம் இறங்காது, முட்டத்தில் மீன் ஏலமும் இராது. செவ்வாய் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் குளச்சலில் மணலில் இறங்கினால் வெயில் உறைப்பதற்குள் முட்டம் கலங்கரை விளக்கத்தின் அடியில் இருக்கலாம்.